மோட்டார் சைக்கிளைக் கழற்றும் மகனை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தொழிற்கல்வி பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இந்த மாதம் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியரே பயந்துவிட்டார். "நீங்கள்தானே தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியராக இருந்தவர், நீங்களே சமாளியுங்கள்" என்று கட்டோடு தூக்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அதனால் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

*கேள்வி: மகன் இந்த முறை ஓ.எல். (சாதாரணதரம்) எழுதி கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறிவிட்டான். அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் நாள் முழுக்க அயலாரின் மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். திரும்ப எழுதவைத்து எப்படியாவது ஏ.எல். (உயர்தரம்) படிப்பிக்கச் சொல்கிறார் என் அண்ணன். கணவர் கட்டாரில், போனில் அண்ணன் சொன்னாலும் ஓம் என்கிறார், மகன் சொன்னாலும் ஓம் என்கிறார். நான் என்ன செய்ய? – ஒரு அம்மா, களுவாஞ்சிகுடி*

தங்கச்சி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். கழற்றுகிறான், சரி. திரும்பப் பூட்டுகிறானா? பூட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகிறதா, இல்லை தட்டில் நாலு நட்டு மிஞ்சிக் கிடக்கிறதா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளை முதல் வாரத்தில் நான் இதை வைத்துத்தான் தரம் பிரிப்பேன். கழற்றும்போதே நட்டுகளை வரிசையாக, வந்த ஒழுங்கில் ஒரு பழைய துணியில் பரப்பிவைக்கும் பிள்ளைக்கு இந்த வேலை வரும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவுக்குள் போடுகிறவனுக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது. அவனுக்கும் வரும், ஆனால் நாள் எடுக்கும். நாளைக்கு அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பேசாமல் பத்து நிமிடம் பாருங்கள்.

வரிசையாக வைக்கிறான் என்றால் வழி இருக்கிறது, ஒன்றல்ல, சிலது. ஓ.எல். முடிவு எப்படியிருந்தாலும் பாடசாலையிலேயே 12, 13ஆம் வகுப்பு தொடரக்கூடிய தொழிற்கல்விப் பிரிவு 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. இப்போது பரவிவிட்டது. அதில் படிக்கிற பிள்ளை கடைசிக் கட்டத்தில் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்குப் போய் என்.வி.கியூ. 4 வரை எடுக்கலாம், அது என்ன என்று கீழே சொல்கிறேன். மகனின் பாடசாலையில் இல்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் கிட்ட எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். பாடசாலை என்ற சொல்லே அவனுக்குக் கசக்கிறது என்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. வருடத்தில் இரண்டு முறை, வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும், ஆள் எடுப்பார்கள். மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அம்பாறைப் பக்கத்துக்குச் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கின்றன. நைட்டா என்று எல்லாரும் சொல்கிற பயிலுநர் பயிற்சி அதிகார சபை வழியாகப் போனால் ஒரு கராஜிலோ கொம்பனியிலோ முறைப்படி பயிலுநராக நின்று படிக்கலாம்.

என்.வி.கியூ. என்றால் தேசிய தொழிற்றகைமை. ஒன்றிலிருந்து ஏழு வரை படி. நாலு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நாலாம் படி என்றால் மேலே ஒருவர் நின்று பார்க்காமலே தனியாக வேலையை முடித்துக்கொடுக்கத் தெரிந்தவர் என்று பொருள். நான் அம்மாமாருக்கு விளக்கும்போது இப்படிச் சொல்வேன்: மூன்று எடுத்தவனிடம் வண்டியைக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள், நாலு எடுத்தவனிடம் கொடுத்தால் சந்தைக்குப் போய்விட்டு வரலாம்.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் பாதி சரி. கணக்கைக் கட்டாயம் திரும்ப எழுதட்டும். ஏ.எல்.லுக்காக அல்ல. பின்னால் டிப்ளோமாவுக்குப் போக, அரச வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க, அந்த ஒரு பாடம் வாசலில் நின்று மறிக்கும். பயிற்சிக்குப் போய்க்கொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், அதற்காக ஒரு வருடத்தை வீட்டில் இருத்திவைத்து வீணாக்க வேண்டாம். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் என்றால் கார்பரேட்டரைக் கழுவி ஊதுவது என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தால் அது முடிகிற கதை. புதிதாக வருகிற வண்டிகள் பியூவல் இன்ஜெக்‌ஷன், சென்சர் பிழைத்தால் ஸ்கேனர் மாட்டித் திரையில் வருகிற ஆங்கிலக் குறியை வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தவறியவனுக்கு அங்கேதான் ஆங்கிலம் தேவைப்படும், அப்போது தானாகவே படிப்பான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் ஐந்து வருடம் நாடு முழுக்கப் பழைய வண்டிகளைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்டினோம், அந்த ஐந்து வருடமும் எந்த மெக்கானிக் வேலையில்லாமல் இருந்தார் என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

*கேள்வி: எனக்கு வயது 43. பதினாறு வயதில் முட்டாளாகப் போய்த் தொடங்கி இப்போது இருபது வருடத்துக்கு மேலாக மேசன். திருக்கோவிலில் நான் கட்டிய வீடுகளை எண்ணினால் ஒரு சின்னக் கிராமம் வரும். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வெளிநாட்டுக்குப் போகக் கேட்டாலும், இங்கே பெரிய கொன்ட்ராக்டரிடம் கேட்டாலும் சேர்ட்டிபிகேட் எங்கே என்கிறார்கள். இந்த வயதில் பொடியன்களோடு வாங்கில் இருந்து படிக்க வேண்டுமா? – திருக்கோவில் வாசகர்*

(வெளியூர் வாசகர்கள் பதற வேண்டாம். மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக்கொடுக்கிற ஆளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது.)

தம்பி, வாங்கில் இருக்கத் தேவையில்லை. தெரிந்த வேலைக்குச் சான்றிதழ் கொடுக்க ஆர்.பி.எல். என்று ஒரு முறை இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அலுவலகத்தில் எழுதியிருப்பார்கள். நைட்டாவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். எங்கே என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்திக்கு இருக்கிற உத்தியோகத்தரைப் பிடித்தால் போதும். மேசன் வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தேசிய தேர்ச்சி நியமம் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று முதலில் நீங்களே குறித்துக் கொடுக்க வேண்டும். பிறகு ஆதாரம் சேர்க்க வேண்டும், கடைசியில் மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும்.

ஆதாரம் என்றதும் எல்லாரும் மிரளுவார்கள். நீங்கள் கட்டிய வீட்டின் படம், அத்திவாரம் வெட்டும்போது போனில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரர் கொடுக்கிற ஒரு கடிதம், வேலை தந்த கொன்ட்ராக்டரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம். ஒரு கோப்பில் வருட ஒழுங்கில் போடுங்கள். இன்றிலிருந்து கட்டுகிற ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், உங்கள் முகமும் சேர்ந்து வருகிற மாதிரி. சும்மா சுவரை மட்டும் எடுத்தால் அது யாருடைய சுவரோ!

இனி உங்கள் மாதிரி ஆட்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று சொல்கிறேன், நான் கண்ணால் கண்டது. உங்கள் வயதுதான் இருக்கும், அம்பாறை மாவட்டத்து மேசன் ஒருவர் மதிப்பீட்டுக்கு வந்திருந்தார். சாந்தகப்பையை அவர் பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது ஆள் யார் என்று. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடி ஒரே ஒரு தரம்தான் பார்த்தார், சுவர் நேர். மூலைக்கு மூலைமட்டம் இல்லாமல் நூலில் மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார், அவ்வளவு துப்புரவு. பிறகு மதிப்பீட்டாளர் ஒரு வீட்டுப் பிளானை விரித்து, இதில் இந்த அறையின் அகலம் என்ன என்று கேட்டார். மனுஷன் பிளானையும் பார்த்தார், மதிப்பீட்டாளரையும் பார்த்தார், வேர்த்துக்கொட்டியது. இருபது வருடமும் வீட்டுக்காரர் வாயால் சொல்லச் சொல்லக் கட்டியவர், ஒன்றுக்கு நூறு என்றால் பிளானில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு மீற்றர் என்று அவருக்கு யாருமே சொல்லிக்கொடுத்ததில்லை.

அதற்காக அவரைத் திருப்பி அனுப்பவில்லை. தெரியாத பகுதிக்கு மட்டும் குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்ப வந்து காட்டலாம். அவருக்கு வரைபடமும், எத்தனை கல், எத்தனை பக்கற் சீமெந்து என்று மதிப்பிடுகிற கணக்கும், சாரத்தில் ஏறும்போது பாதுகாப்பும் மட்டும்தான் குறை. மேசன்மாருக்குப் பெரும்பாலும் இந்த மூன்றும்தான். ஆகவே போகிறதற்கு முன்பே உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து இரண்டு பின்னேரம் பிளான் பார்க்கப் பழகுங்கள். பிள்ளைக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தால் சரி.

*கேள்வி: நகரத்தில் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாத டிப்ளோமாவுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது. சர்வதேச சான்றிதழாம். கட்டலாமா? – ஏறாவூர்*

ஆறு மாதத்தில் டிப்ளோமா என்றாலே ஒரு தரம் நின்று யோசியுங்கள். மேலே சொன்ன படியில் டிப்ளோமா என்பது ஐந்தும் ஆறும்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. இளவயதில் நானும் ஒரு இடத்தில் காசைக் கட்டிக் கணினி படித்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், என் முறை வரும்போது பெரும்பாலும் கரண்ட் போய்விடும். கடைசியில் தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ் தந்தார்கள், அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். வேலைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்த உத்தியோகத்தர், தம்பி இதில் பதிவிலக்கம் எங்கே என்று கேட்டார். அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைக்குழு அது, பதிவிலக்கத்தை வாங்கி அவர்களின் இணையத்தளத்தில் தேடலாம். அடுத்தது, நீங்கள் சேரப்போகிற அதே பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்கிறதா? இங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. நிறுவனத்தைப் பதிந்திருப்பார்கள், வாசலில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் அங்கீகாரம் வேறு ஏதோ ஒரு பாடநெறிக்கு மட்டும் இருக்கும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர இழுத்தடித்தால் ஒன்றரை லட்சம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அப்புறம், பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி அறையை ஒரு தரம் போய்ப் பாருங்கள், ஏ.சி.யையும் சுழல் கதிரையையும் அல்ல, எத்தனை பேருக்கு ஒரு மெஷின் என்பதை.

*கேள்வி: நான் ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறேன். மின்னிணைப்புப் படிக்க விருப்பம். வாப்பா, பொம்பிளைப் பிள்ளை வயரிங் செய்து யார் வீட்டுக்குள் விடுவான் என்று ஏசுகிறார். – காத்தான்குடி*

மகள், வாப்பாவின் கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேளுங்கள். நம் ஊரில் எத்தனை வீட்டில் ஆம்பிளை வெளிநாட்டில்? அங்கே பகல் பதினொரு மணிக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், உம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் தெரியாத ஆம்பிளையை எடுப்பதற்கு எவ்வளவு யோசிக்கிறார்கள்? ஒரு பொம்பிளைப் பிள்ளை டெஸ்டரோடு வாசலில் வந்து நின்றால் கதவு உடனே திறக்கும். வாப்பா யார் விடுவான் என்கிறார், விடுவாள் என்று சொல்லுங்கள்.

வேலை உடம்புக்குப் பெரிய பாரம் இல்லை, சுவரை வெட்டிக் குழாய் பதிக்கிற இடம் தவிர. கவனம்தான் வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும், புதிய வயரில் மண்ணிறமும் நீலமும், திருத்தம் செய்த வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். நிறத்தை நம்பிக் கை வைத்தால் 230 வோல்ட். டெஸ்ட் பண்ணாமல் தொடாத குணம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல தொழில், என்னிடம் படித்த பெண்பிள்ளைகளிடம் அந்தக் குணம் பொடியன்களைவிடக் கூடத்தான் இருந்தது. வாப்பாவை ஒரு நாள் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வேலைத்தளத்தைக் கண்ணால் பார்த்தால் பாதி கோபம் இறங்கும்.

*கேள்வி: கல்முனையில் ஒரு ஏ.சி. திருத்துகிற கடையில் இரண்டு வருடமாக நிற்கிறேன். இன்னும் பில்டர் கழுவ மட்டும்தான் விடுகிறார்கள். காஸ் அடிக்கிற நேரம் என்னைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுவார் முதலாளி. – பெயர் வேண்டாம்*

பெயர் போடவில்லை, முதலாளியும் இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும்.

தொழில் பழக ஒரு கடையில் சும்மா நிற்பதற்கும் நைட்டாவில் பதிந்து பயிலுநராக நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பதிந்தால் ஒப்பந்தம் இருக்கும், என்னென்ன பழக்க வேண்டும் என்று பாடத்திட்டம் இருக்கும், முடிவில் பரீட்சை இருக்கும். தேத்தண்ணி அதில் இல்லை. முதலாளியிடமே பதியச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்றால் கடையை மாற்றுங்கள். இரண்டு வருடம் போதும்.

சரி, காஸ் அடிப்பதில் அப்படி என்ன ரகசியம் என்று கேட்டால் ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான். புது லைன் போட்ட பிறகு வாக்கியூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும், கேஜ் முள் இறங்கிய பிறகும் கொஞ்சம் விட்டு, திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் சில பேர் கொஞ்சம் காஸையே ஊதிக் காற்றைத் தள்ளிவிட்டு மூடிவிடுவார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் குளிரும். உள்ளே நிற்கிற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மெதுவாகக் கொம்பிரசரைத் தின்றுவிடும், வீட்டுக்காரர் கொம்பனியை ஏசுவார். இப்போது வருகிற ஆர்-32 காஸ் தீப்பற்றக்கூடியது வேறு, பழைய ஆர்-22 பழக்கத்தில் சிகரெட்டும் வாயுமாக நின்று அடிக்கிற காஸ் அல்ல. இதை முறையாகப் படித்தவனை ஹோட்டல்காரர்கள் விடமாட்டார்கள், பாசிக்குடாவில் எத்தனை அறை, எத்தனை ஏ.சி., அத்தனைக்கும் உப்புக்காற்று!

*கேள்வி: உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கும் அளவுக்குப் புள்ளி வராது போலிருக்கிறது. இனி என்ன? – செங்கலடி*

கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. அம்பாறையில் கல்லோயாத் திட்டக் காலத்து ஹார்டி நிறுவனம் இருக்கிறது. எச்.என்.டி. என்கிற உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம், முழுநேரம் என்றால் கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் எல்லாப் பாடநெறியும் கிடையாது, அதனால் விண்ணப்பத்தில் முதலில் பாடநெறியைப் பாருங்கள், ஊரைப் பிறகு பாருங்கள். ஆங்கில மொழிமூலம், இப்போதே தயாராகுங்கள். இல்லையென்றால் என்.வி.கியூ. 5, 6 என்று ஏறி ரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரைக்கும் போகலாம். சுற்றுப்பாதைதான். பஸ் ஓடுகிற பாதை.

*கேள்வி: வயது 51. வீட்டில் தைக்கிறேன், சாறி பிளவுஸ், பாடசாலைச் சட்டை. பிள்ளைகள் படித்துப் போய்விட்டார்கள். முறையாகத் தையல் படிக்கலாம் என்று ஒரு ஆசை. சிரிப்பார்களா? – கொக்கட்டிச்சோலை*

அக்கா, ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். இளம் பிள்ளைகள் உங்களிடம்தான் பட்டன்துளை அடிக்கக் கேட்டு வரும். சில பயிற்சிகளுக்கு வயதெல்லை போடுவார்கள், அப்படியிருந்தால் மேசன் தம்பிக்குச் சொன்ன ஆர்.பி.எல். உங்களுக்கும் பொருந்தும், தைத்துவைத்த பிளவுஸ்களே ஆதாரம். வாரஇறுதி வகுப்பு எங்கே இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள், படுவான்கரையிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து போய்வருவது இந்த வயதில் கஷ்டம். உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இரண்டு விஷயம்தான். ஒன்று, அளவை உடம்பில் எடுத்து நேரே துணியில் வெட்டாமல் முதலில் காகிதத்தில் வெட்டப் பழக்குவார்கள், முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். மற்றது மெஷின். மிதி மெஷினில் பழகிய காலைக் கரண்டில் ஓடுகிற ஜுக்கி மெஷினில் வைத்ததும் துணி பறந்துபோகும், பயந்துவிடாதீர்கள், காலை முழுதாக வைக்காமல் பெருவிரலால் மட்டும் தொடுங்கள். ஓவர்லொக்கில் நூல் கோக்கிற துளைகள் மெத்தச் சின்னன், வகுப்புத் தொடங்க முன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு போங்கள்.